சாவி போர்டிலேயே இருக்கிறது

லேப்டாப் மெதுவாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது, தங்கைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று காரணம் எதுவானாலும் கடைசியில் ரீசெட் செய்கிறோம். பழையதெல்லாம் அழிந்து விண்டோஸ் புதிதாக ஏறுகிறது. திறந்து பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற வரி நிற்கிறது. வால்பேப்பரை மாற்ற முடியவில்லை. செட்டிங்ஸுக்குப் போனால் 25 எழுத்துச் சாவியைக் கேட்கிறது. வாங்கிய அன்று வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தால் பில் இருக்கிறது, சாவி இல்லை. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அங்கேயும் இல்லை.

இந்த இடத்தில் பலர் அவசரப்படுகிறார்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவியை வாங்குகிறார்கள். இல்லையென்றால் பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையில் 'கிராக்' போட்டுக்கொள்கிறார்கள். விண்டோஸோடு சேர்த்து வாங்கிய லேப்டாப் என்றால் இந்த இரண்டுமே வேண்டாத செலவு. ரீசெட் அழிப்பது ஹார்ட் டிஸ்க்கில் அல்லது எஸ்.எஸ்.டி.யில் இருப்பதை மட்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த பெரும்பாலான லேப்டாப்களில் சாவி அங்கே வைக்கப்படுவதே இல்லை.

ஏழால் வகுபட்டால் போதும்

சாவி எங்கே போனது என்று புரிய, அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 95 கடையில் விற்ற காலத்தில் சி.டி. உறையின் மேல் பத்து இலக்க எண் ஒட்டியிருக்கும். அதைச் சோதிக்கும் கணக்கு மிக எளிது. முதல் மூன்று இலக்கம் 333, 444 போன்ற சில எண்களாக இருக்கக்கூடாது. மீதி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் மீதியின்றி வகுபட வேண்டும். பத்து இடத்திலும் 1 என்று தட்டினாலே ஏழு ஒன்றுகள் கூடி ஏழாகிவிடும், கணினியும் வழிவிட்டுவிடும். ஒரே சி.டி.யை ஊரெல்லாம் சுற்றவிட்டாலும் மைக்ரோசாஃப்டுக்குத் தெரியாது.

இந்த எளிய கணக்கு விண்டோஸ் 98-இலேயே மாறியது. சாவி 25 குறிகள் கொண்டதாயிற்று. ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதும் அந்த வரிசையில் 17 ஆங்கில எழுத்துகளும் 7 எண்களும் மட்டுமே வரும். உயிரெழுத்துகள் கிடையாது, தற்செயலாக வேண்டாத சொல் எதுவும் அமைந்துவிடாது. பூஜ்யம், ஒன்று, ஐந்து கிடையாது. ஓ, ஐ, எஸ் எழுத்துகளோடு குழப்பம் வராது. பிற்பாடு விண்டோஸ் 8 முதல் 'என்' என்ற எழுத்தும் சேர்ந்துகொண்டது.

24 குறிகளை 25 இடங்களில் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டால் 35 இலக்க எண் வருகிறது. நொடிக்கு நூறு கோடி சேர்க்கைகளைச் சோதிக்கும் கணினி கிடைத்தாலும், எல்லாவற்றையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போலப் பல கோடி மடங்கு காலம் ஆகும். தொலைந்த சாவியை ஊகித்துக் கண்டுபிடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வந்த இன்னொரு மாற்றம்தான் 'ஆக்டிவேஷன்'. பிராசஸர், நினைவகத்தின் அளவு, ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று கணினியின் பத்து உறுப்புகளிலிருந்து சிறு சிறு அடையாளங்களை எடுத்து ஓர் எண்ணாகக் கோத்தார்கள். சாவியும் அந்த எண்ணும் சேர்ந்து மைக்ரோசாஃப்டின் பதிவுக்குப் போயின. 'இந்தச் சாவி இந்தக் கணினிக்கு' என்ற முடிச்சு விழுந்தது அப்போதுதான்.

ஸ்டிக்கர் போய் சிப் வந்தது

விண்டோஸ் 7 காலம் வரை லேப்டாப்பின் அடிப்பாகத்தில் சாவி அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தது. மடியிலும் மேசையிலும் உரசி உரசி எழுத்துகள் தேய்ந்துபோகும். அதைப் படம் எடுத்துவைத்துத் திருடுவதும் எளிது. எனவே 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது வழியை மாற்றினார்கள். ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனிச் சாவி ஒன்றைத் தொழிற்சாலையிலேயே மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் சிப்பில் எழுதிவிடுகிறார்கள். நாம் வழக்கமாக 'பயாஸ்' என்று சொல்வது இருக்கும் அதே சிப். அதற்குள் 'எம்.எஸ்.டி.எம்.' என்ற சிறு அட்டவணையில் 25 குறிகளும் இடையில் நான்கு கோடுகளுமாகச் சாவி பதிந்திருக்கும்.

ரீசெட் செய்தாலும், டிஸ்க்கை பார்மட் செய்தாலும், டிஸ்க்கையே கழற்றி வேறு போட்டாலும் இந்த அட்டவணைக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸ் போட்டுப் பல ஆண்டு பயன்படுத்திய லேப்டாப்பிலும் அது அப்படியே இருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவும்போது நிறுவல் நிரல் முதலில் இந்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. சாவி கிடைத்தால் நம்மிடம் எதையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறது. இணையம் இணைந்ததும் ஆக்டிவேஷன் தானாக முடிந்துவிடும்.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 இன்னொரு படி போனது. கணினியின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் தன் சர்வரில் பதிந்துவைத்துக்கொள்ளும் 'டிஜிட்டல் லைசென்ஸ்' முறையைக் கொண்டுவந்தது. வீட்டுப் பத்திரம் கைதவறிப் போனாலும் பதிவு அலுவலகத்தில் பதிவு அழியாமல் இருக்கிறதல்லவா, அதே ஏற்பாடு. ஒருமுறை ஆக்டிவேட் ஆன லேப்டாப்பில் அதே பதிப்பை எத்தனை முறை ஏற்றினாலும் சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும்.

இணையத்தில் கிடைக்கும் 'கீ ஃபைண்டர்' நிரல்கள் பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோவது இங்கேதான். டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள கணினியில் அவற்றை ஓட்டினால் ஒரு சாவியைக் காட்டும். புரோ பதிப்பில் அதன் கடைசி ஐந்து குறிகள் '3 வி 6 6 டி' என்றும், ஹோம் பதிப்பில் '8 எச் வி எக்ஸ் 7' என்றும் இருந்தால் அது உங்கள் சாவி இல்லை. உலகம் முழுக்கப் பல கணினிகளில் இருக்கும் பொதுச் சாவி அது. இடத்தை நிரப்ப வைத்தது. அதைக் குறித்து வைத்துப் பயன் இல்லை.

பிறகு ஏன் கேட்கிறது?

சாவி போர்டிலும் பதிவு சர்வரிலும் இருக்கும்போது 'ஆக்டிவேட்' வரி ஏன் வருகிறது? வழக்கமான காரணங்கள் மூன்று.

முதலாவது, இணையம் இல்லாதது. வைஃபை இணைத்துச் சற்று நேரம் பொறுத்தாலே வரி மறைந்துவிடலாம்.

இரண்டாவது, பதிப்பு மாறிப்போவது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற பதிப்பு வருகிறது. சர்வீஸ் கடையில் பென் டிரைவில் தயாராக வைத்திருக்கும் 'புரோ'வை ஏற்றிவிடுகிறார்கள். போர்டில் இருக்கும் ஹோம் சாவி புரோவைத் திறக்காது. காசு கொடுத்து வாங்கிய முறையான உரிமம் உள்ளேயே கிடக்க, அதன்மேல் திருட்டு விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்கள் இப்படித்தான் உருவாகின்றன. மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் நிறுவல் கோப்பை இறக்கி, பழைய பதிப்பையே மறுபடி ஏற்றுங்கள். அதற்குமுன் உங்கள் கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மதர்போர்டு மாறியது. போர்டு மாறினால் சாவியும் மாறுகிறது, வன்பொருள் அடையாளமும் மாறுகிறது. நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் போர்டு மாற்றும்போதே விண்டோஸ் உரிமம் என்ன ஆகும் என்று கேட்டு, ஏற்றித்தரச் சொல்லுங்கள். தனியாகக் கடையில் வாங்கிய ரீட்டெயில் உரிமமாக இருந்து, ரிப்பேருக்கு முன்பே அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் 'ட்ரபிள்ஷூட்' அழுத்தி, 'அண்மையில் வன்பொருளை மாற்றினேன்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்து மீட்கலாம்.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, பிறகு எக்ஸ், பி, ஆர் என்று தட்டி என்டர் கொடுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருப்பதாகச் செய்தி வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. காலாவதித் தேதி ஒன்று வந்தால், அலுவலகம் தந்த கணினி வைத்திருப்பவர்கள் தவிர மற்றவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் மூலம் கணினிகளை மொத்தமாக ஆக்டிவேட் செய்ய 'கே.எம்.எஸ்.' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கணினிக்கும் 180 நாள் கெடு; அதற்குள் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். கிராக் நிரல்களில் பல அந்த சர்வரைப்போல நடிப்பவை. அவற்றை ஏற்ற ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். நெட் பேங்கிங் செய்யும் கணினியில் காவலை இறக்கிவிட்டு முகம் தெரியாதவர் எழுதிய நிரலை உள்ளே விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து!

உண்மையில் தொலையக்கூடிய சாவி

ஆக்டிவேஷன் சாவி கிடைக்காமலே போனாலும் நட்டம் பணத்தோடு நிற்கும். படங்களும் கோப்புகளும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் இதே லேப்டாப்பில் இன்னொரு சாவி இருக்கிறது, அது போனால் எல்லாம் போகும். அதுதான் பிட்லாக்கர் ரெகவரி கீ.

இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. அன்றாடம் அதைத் திறக்கும் சாவி டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை. பயாஸ் அப்டேட், போர்டு மாற்றம், ரீசெட் போன்ற தருணங்களில் திடீரென்று நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும்.

அந்த எண்ணின் அமைப்பு அழகானது. ஆறு ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 135795 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 11-ஆல் வகுத்தால் சரியாக 12345. அதில் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலோ, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றித் தட்டினாலோ வகுபடாது. எந்தத் தொகுதியில் பிழை என்று கணினி உடனே சொல்லிவிடும். விண்டோஸ் 95-இன் ஏழாம் வாய்ப்பாடு இங்கே பதினொன்றாகி, தட்டுபவருக்கு உதவி செய்கிறது. பாதுகாப்புக்குக் காவல் வேறு: 128 பிட் நீளமுள்ள எண், அதை ஊகிக்க வழியில்லை. இந்தச் சாவி இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்டாலும் டிஸ்க்கைத் திறந்துதர முடியாது.

எனவே ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன் நான்கு வேலைகளை முடித்துவிடுங்கள். கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். செட்டிங்ஸின் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, உங்கள் பதிப்பின் பெயரையும் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற வரியையும் போனில் படம் எடுங்கள். விண்டோஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து, அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, அதே கணக்கின் டிவைசஸ் பகுதியில் இருக்கும் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். ஆக்டிவேஷன் சாவியை உங்கள் மதர்போர்டு பார்த்துக்கொள்ளும். ரெகவரி கீயை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.