இலையும் நீரும் – 9: பனிக்காலத்துச் சேமிப்பு

ஊஜி நகரத்துத் தேயிலையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது ஒரு விஷயத்தை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தேன். ஆண்டு முழுவதும் தேநீர் அருந்திக்கொண்டேயிருக்கும் ஜப்பானியர், சித்திரை மாதத்தில் கடை வாசல்களில் ‘ஷிஞ்சா’ என்று எழுதிய கொடிகள் தொங்கக் கண்டவுடன், வீட்டு டப்பாவில் பழைய இலை மிச்சமிருந்தாலும் அதை மறந்து, அவ்வாண்டின் முதற்பறிப்புக்கு ஆவலோடு பணம் கொடுக்கிறார்களே, அதற்கு என்ன காரணம் என்பதே அவ்விஷயம். புதுப்பொருளின்மேல் மனிதனுக்குள்ள மோகம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதிக் காரணமே. மீதிப் பாதி மண்ணுக்கடியில், செடியின் வேரில் இருக்கிறது.

நம் நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைச் செடி ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தளிர்விடும் சுபாவமுடையது. இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகக் கிள்ளிப்போன பெண்கள் சில நாட்களில் மீண்டும் அதே வரிசைக்குத் திரும்பி வருவார்கள். ஜப்பானில் அப்படியன்று. இலையுதிர்காலம் கழிந்ததும் செடி உறங்கிவிடுகிறது. தளிர் என்பதே இல்லாமல் பனிக்காலம் கழிகிறது. அந்த நெடிய உறக்கத்திலும் வேர்கள் சத்தைச் சேமித்து வைக்கின்றன. வேரில் உண்டாகும் தியானின் என்னும் பொருள், வசந்தத்தின் முதல் வெப்பம் பட்டதும் மேலேறிப் புதுத்தளிருக்குள் நிறைகிறது. கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து பேராசிரியர் இகேடா கிகுனாயே 1908-ல் உமாமி என்று பெயரிட்டாரே, அந்த ருசியின் சாயலையும் ஓர் இதமான இனிப்பையும் பச்சைத் தேநீருக்குத் தருவது பெரும்பாலும் இந்தத் தியானின்தான். வெயில் ஏற ஏற இது குறைந்து, துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின்கள் பெருகும். ஆகவேதான் ஜூனில் பறிக்கும் இரண்டாம் பறிப்பும், கோடையின் மூன்றாம் பறிப்பும் அதே செடியில், அதே கைகளால் எடுக்கப்பட்டாலும், முதற்பறிப்பின் அருகில் வரமுடிவதில்லை. வசந்தத்தின் பானம் என்று எல்லோரும் கொண்டாடும் இது, என் அபிப்பிராயத்தில், பனிக்காலத்தின் பானம்.

தெற்கே தனேகஷிமா தீவில் மார்ச் மாத இறுதியிலேயே பறிப்பு ஆரம்பமாகிவிடும், ககோஷிமாவும் முந்திக்கொள்ளும். ஆயினும் சம்பிரதாயம் மதிப்பது, பிப்ரவரி முதல் வாரத்தில் வரும் வசந்தாரம்பத்திலிருந்து எண்பத்தெட்டாவது நாளை. அது மே 1 அல்லது 2-ந் தேதி அமையும். அன்று பறித்த இலையை அருந்தியவருக்கு ஆண்டு முழுவதும் நோயில்லை என்பது அங்குள்ள நம்பிக்கை. நம்பிக்கை ஒருபுறமிருக்க, அந்நாளுக்குப் பிறகு உறைபனி விழுவது அரிது என்பது குடியானவனின் கணக்கு. தளிர்விட்ட பின் ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் ஆண்டின் முதல்தரமான வருமானம் கருகிப்போகும். ஷிசுவோகா தோட்டங்களில் உயர்ந்த கம்பங்களின் தலையில் விசிறிகள் நிற்பதைப் பார்க்கும் புதியவர், செடிகளுக்குக் காற்று வீசுகிறார்களோ என்று வியப்பதுண்டு. தெளிந்த இரவில் தரையை விட்டு மேலே தங்கிவிடும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளித் தளிரைக் காப்பதே அவற்றின் வேலை.

அந்த ஷிசுவோகாவின் மாகினோஹாரா மேட்டுநிலம் இன்று தேயிலைக்குப் பிரசித்தம். 1869-ல் அதைத் திருத்தத் தொடங்கியவர்களோ, ஷோகுனின் ஆட்சி கவிழ்ந்ததால் வாளுக்கு வேலையற்றுப்போன சாமுராய்கள். ஓயி ஆற்றில் பிரயாணிகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்துப் பிழைத்தவர்களும், படகுப் போக்குவரத்து அநுமதிக்கப்பட்டதும் தொழிலிழந்து அவர்களோடு மண்வெட்டி பிடித்தார்கள். அதே ஷிசுவோகாவில் சுகியாமா ஹிகோசபுரோ என்பவர் 1908-ல் பொறுக்கியெடுத்த யாபுகிதா என்னும் செடிவகையே இன்று ஜப்பானியத் தோட்டங்களில் பெரும்பகுதியை ஆள்கிறது.

பறித்த இலை வாடத் தொடங்குமுன் ஆவியில் காட்டப்படுகிறது. வாடவிட்டு, நசுக்கி, காற்றுப்பட விட்டால் அதே இலை கறுப்புத் தேயிலையாகும். அரை நிமிஷ ஆவி அந்த மாறுதலைத் தடுத்துப் பசுமையை நிலைநிறுத்துகிறது. பின்பு சூடான மேடைமேல் உருட்டி உருட்டி உலர்த்துவார்கள். ஊசிபோல் சுருண்டு பளபளக்கும் செஞ்சா அவ்விதம் பிறக்கிறது. இந்த முறையை 1738-ல் ஊஜிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் செம்மைப்படுத்தியவர் நாகாதானி ஸோயென் என்று சொல்வார்கள். தம் இலையைச் சுமந்துகொண்டு எடோ நகரம் வரை போய், யாமமோடோ என்ற வியாபாரியின் கடையில் அதற்கு மதிப்புப் பெற்றார் அந்த மனிதர். இப்போது கைக்குப் பதில் இயந்திரம் உருட்டுகிறது, முறை அதுவேதான்.

இனி, காய்ச்சும் பக்குவம். கொதிக்கக் கொதிக்க நீரை இலைமேல் ஊற்றுவது நமக்குப் பழகிப்போன வழக்கம்; கறுப்புத் தேயிலைக்கு அது தகும், ஷிஞ்சாவுக்கோ அது கொடுமை. தியானின் மிதமான சூட்டிலேயே லகுவாகக் கரைந்துவிடும். கேட்டச்சின்களும் கஃபீனும் அதிக உஷ்ணத்தில்தான் தாராளமாக இறங்கும். ஆகவே சூட்டைக் குறைப்பவன் பனிக்காலத்தின் சேமிப்பை முதலில் பெறுகிறான். அவசரப்படுகிறவன் துவர்ப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறான்.

இதற்கு வெப்பமானி வேண்டியதில்லை. பாத்திரம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நீர் ஏறக்குறைய 10 டிகிரி ஆறும் என்ற ஒரு கணக்கே போதும். கொதித்த நீரை முதலில், பக்கவாட்டில் பிடியுள்ள சிறு மண்குடுவையாகிய கியூசுவில் வெறுமனே ஊற்றுங்கள், குடுவையும் சூடாகும். பிறகு அதை மூன்று சிறு கிண்ணங்களில், கிண்ணத்துக்கு 60, 70 மில்லிலிட்டராகப் பங்கிடுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடலாம். காலியான குடுவையில் 6 முதல் 8 கிராம் இலை இடுங்கள். கிண்ணத்தை விரல்களால் தாராளமாகப் பிடிக்கமுடிகிற நிலை வந்ததும் நீரை இலைமேல் திருப்பி ஊற்றினால், அது 70 டிகிரியை ஒட்டியிருக்கும். மூடி, ஒரு நிமிஷம் காத்திருங்கள். அதிக நேரம் ஆவிகாட்டிய வகையானால், இலை நொறுங்கித் துகளாக இருப்பதால், அரை நிமிஷமே போதும். இடையில் குடுவையைக் குலுக்கிப் பார்க்கும் சபலம் யாருக்கும் வரும். குலுக்கினால் நீர் கலங்கிக் கசப்பேறும்.

ஊற்றுவதிலும் ஒரு நியாயம் உண்டு. முதலில் விழுவது மெலிந்தும் பின்னால் விழுவது செறிந்தும் இருக்குமாதலால், ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறிது சிறிதாக வார்த்து, பின் மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்ப வேண்டும். விருந்தினருக்குள் பேதமில்லாமல் போகும். கடைசிச் சொட்டுவரை வடித்துவிடுவது மிக முக்கியம். அந்தச் சொட்டில்தான் ரசம் திரண்டிருக்கிறது என்பது ரசிகர்களின் ஏகோபித்த கருத்து. அன்றியும், உள்ளே தங்கிய நீர் இலையை ஊறவைத்து இரண்டாவது வார்ப்பைக் கெடுத்துவிடும். வடித்தபின் மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். இரண்டாம் தடவை நீர் 80 டிகிரி இருக்கலாம், பத்துப் பதினைந்து விநாடி போதும். மூன்றாம் தடவை இன்னும் சூடு. முதலாவது இனிப்பு, இரண்டாவது இனிப்பும் துவர்ப்பும், மூன்றாவது துவர்ப்பு என்று ஒரே இலை மூன்று முகம் காட்டும்.

சர்க்கரையும் பாலும் வேண்டுமா என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. நீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: ஜப்பானில் கிடைப்பது பெரும்பாலும் மென்னீர், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரில் எவ்வளவு உயர்ந்த இலையும் ஊமையாகிவிடும். வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபின் பொக்கிஷம்போல் பூட்டிவைக்காமல் சில வாரங்களுக்குள் தீர்த்துவிடுவது உத்தமம். ஷிஞ்சாவின் இளம்பச்சை வாசனை காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நிற்காது. வடித்து முடிந்த இலையைக்கூட எறிய வேண்டாம். முதற்பறிப்பு இலை மெல்லத்தக்க மென்மையுடையதாதலால், சிறிது சோயாவும் எலுமிச்சைச்சாறும் கலந்து கீரைபோல் உண்டுவிடுவோர் அங்கே பலர்.

இவ்வளவும் சொன்னபின், ஜப்பானிலேயே இதற்கு நேர் மாறான ஒரு பரம்பரை இருப்பதை மறைப்பது நியாயமாகாது. தேநீர்ச் சடங்கைப் பயிலும் ஆசார்யர்களுக்கு இளவேனிற்காலத்து இலை, இன்னும் பக்குவமடையாத முரட்டுப்பிள்ளை. ஜாடியிலிட்டு முத்திரை வைத்து, கோடையைக் கடந்து, நவம்பர் மாதத்தில் முத்திரையுடைத்து, அதன் பிறகே அரைத்து அருந்துவார்கள். ஊஜியிலிருந்து எடோவுக்கு ஷோகுனின் தேயிலை ஜாடிகள் ஆண்டுதோறும் பவனியாகச் சென்ற காலத்தில், ஜாடிக்கு வழிவிட்டு ஜனங்கள் சாலையோரத்தில் மண்டியிட்டார்களாம். அப்படி மூடிவைக்கும் இலைக்குச் செடியிலேயே பந்தல் போட்டு நிழல் கட்டுகிறார்கள். வெயிலை மறுத்து ருசியைக் காக்கும் அந்த உபாயத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.