கருவாட்டு வாசனையும் காணாமற்போன கதாநாயகியும்

காஹாங்கிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பெண் காணாமற்போக, பதினாறு வயதுப் பையன்மீது ஊரே சந்தேகங்கொள்ளும் ஆங்கில நாவலொன்றைப் படித்தாராம். அவன் நிரபராதி என்று மனம் சொல்லியும் கடைசி அத்தியாயம்வரை அவனையே ஐயுற்றதன் மர்மம் யாதென வினவுகிறார்.

நிரபராதியின்மீது சந்தேகத்தைத் திருப்பும் இவ்வித்தை நமக்குப் புதிதன்று. ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் வெளியிட்ட 'இராஜாம்பாள்' நாவலில் கதாநாயகி மறைந்துபோக, கொலைப்பழி காதலன் கோபாலன்மீது விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் வந்துதான் மீட்கவேண்டியிருக்கிறது. அக்கதை 1935-இலும் 1951-இலும் திரைப்படமாயிற்று.

இவ்வித்தைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், உப்பிட்டுப் புகையூட்டிச் சிவக்கவைத்த ஹெர்ரிங் மீனின் பெயர். நம் பாஷையில் கருவாடு என்றே கொள்ளலாம். தாம் சிறுவராயிருந்தபோது, முயலைத் துரத்திய வேட்டைநாய்களை இம்மீனின் வாசனையால் வழிதப்பச் செய்ததாக வில்லியம் காபெட் என்னும் பத்திரிகாசிரியர் 1807-இல் ஒரு கதை எழுதினார். நெப்போலியன் தோற்றான் என்ற பொய்ச்செய்தியின் பின்னே ஓடிய பத்திரிகைகளைப் பரிகசிப்பதே அவர் நோக்கம். மெர்சிங்கிலிருந்து கருவாட்டுக் கூடையுடன் பஸ் ஏறியவரை எங்கள் தோட்டத்து நாய்கள் லயம்வரை தொடர்ந்த காட்சியைக் கண்டவன் நான். ஆதலால் காபெட்டை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

ஆனால் தேர்ந்த நாவலாசிரியன் கருவாட்டை வெளியிலிருந்து கொணர்வதில்லை; பையனின் மடியிலேயே கட்டிவிடுகிறான். குற்றத்தோடு சம்பந்தமேயில்லாத அற்ப ரகசியமொன்றை அவனுக்குக் கொடுத்து, அதை மறைக்க அவனைப் பொய்சொல்ல வைத்தால் போதும். என் பதினான்காம் வயதில் அடுத்த வீட்டுச் சேவல் காணாமற்போனது. அன்று மாலை எங்கே போனாய் என்று கேட்டபோது நான் திருதிருவென்று விழித்தேன். வீட்டுக்குத் தெரியாமல் குளுவாங்கிற்குப் படம் பார்க்கப் போயிருந்தேன். அந்த விழிப்பே சாட்சியாயிற்று. அப்பாவிடம் அடியும் வாங்கினேன். மூன்றாம் நாள், செம்பனைக் கன்றுகளினிடையே வயிறு புடைத்துக் கிடந்த மலைப்பாம்பைக் கண்டார்கள். என்னிடம் வருத்தம் தெரிவித்தவர் எவருமில்லை.

இக்காலத்து எழுத்தாளர் சிலர் பையனை முந்நூறு பக்கம் வாட்டிவிட்டு, முன்பின் கண்டிராத ஒருவனை இறுதியில் குற்றவாளியாக நிறுத்துவது வாசகனுக்குச் செய்யும் துரோகம். பாம்பு ஊர்ந்த தடம் மூன்றாம் அத்தியாயத்திலேயே இருக்கவேண்டும். அன்பர் அந்நாவலை மீண்டும் பிரித்து, பையன் எதற்காகப் பொய் சொன்னான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு படித்து, எனக்கு மறுபடியும் எழுதட்டும்.