ரங்கூன் கடைத்தெரு: விலை எழுதும் இடம்

ரங்கூனின் போஜோ ஆங் சான் சந்தையில் ஓவியக் கடைகள் உண்டு. இங்குள்ள தமிழர்களில் மூத்தவர்களுக்கு அது இன்னும் ஸ்காட் மார்க்கெட்தான். அங்கிருந்து பான்சோடான் தெரு பக்கம் போவோம். 1971இல் தொடங்கிய லோகநாட் ஓவியக் கூடமும், ஆங் சோ மின் 2008இல் நான்ஸ் கன்னிங்ஹாமுடன் சேர்ந்து திறந்த பான்சோடான் கேலரியும் இந்தத் தெருவில் வளர்ந்தவை. ஆனால் இன்று ஓவியம் வாங்குகிறவர் தெருவுக்கு வருவதற்கு முன்பே கைபேசியில் பார்த்துவிடுகிறார்.

2014இல் புதிய தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியபோது ஊரே இணையத்துக்குள் நுழைந்தது. இணையம் என்றால் பேஸ்புக். ஓவியரின் கடையும் ஒரு பேஸ்புக் பக்கம்தான். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த வாரத்திலேயே பேஸ்புக் முடக்கப்பட்டது. விபிஎன் போட்டு நுழைய வேண்டிய கடைக்கு எத்தனை பேர் வருவார்கள்? சொந்த இணையதளம் வைத்திருப்பது ஆடம்பரமாக இருந்தது போய், தேவையாகிவிட்டது.

அந்தத் தளத்தை எப்படிக் கட்டுவது? முதல் சிக்கல் படம். ஓவியத்தைப் பெரிதாகக் காட்டினால்தான் தூரிகை போன தடம் தெரியும். ஆனால் கைபேசியில் எடுத்த படம் நான்கைந்து எம்பி இருக்கும். மின்வெட்டும் மெதுவான இணைப்பும் உள்ள ஊரில் அது திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். நீளவாட்டில் 1200 பிக்சலுக்குச் சுருக்கினால் பெரும்பாலான ஓவியங்கள் சில நூறு கேபிக்குள் அடங்கும். பெரிய படத்தைக் கேட்டவருக்கு மட்டும் கொடுக்கலாம். கூடவே, அளவு புரிய, ஓவியத்தின் அருகில் ஓர் ஆள் நிற்கும் படம் ஒன்றும் வேண்டும். சென்டிமீட்டர் கணக்கைப் படித்துச் சுவரை மனதில் அளப்பவர்கள் குறைவு.

எழுத்துருவும் படுத்தியது. பர்மிய எழுத்துக்கான பழைய ஜாவ்ஜி முறையில் தட்டியது யூனிகோட் கைபேசியில் சிதைந்து கிடக்கும். 2019 அக்டோபரில்தான் நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது. தமிழில் பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டிய நமக்கு இது புரியும்.

ஆனால் உண்மையான தலைவலி விலைதான். பல விற்பனைப் பக்கங்களில் விலை இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள். ஓவிய உலகில் இது மரியாதை என்று கருதப்படுகிறது. எனக்கு இது வாங்குபவரை வாசலிலேயே நிறுத்துவதாகப் படுகிறது. கூச்சப்படுகிறவர் கேட்கவே மாட்டார்.

ஓவியர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆட்சிக் கவிழ்ப்புக்கு முன் டாலருக்கு ஏறக்குறைய 1330 கியாட். 2022இல் அரசு 2100 என்று நிர்ணயித்தது; 2024இல் வெளிச்சந்தை 4000ஐத் தாண்டியது. இறக்குமதி வண்ணக்குழாய் வாங்குகிறவர் எந்தக் கணக்கில் விலை போடுவார்? கியாட்டில் போட்டால் அடுத்த மாதம் நஷ்டம்; டாலரில் போட்டால் உள்ளூர்க்காரர் விலகுவார். இரண்டையும் போட்டு, எந்தத் தேதியின் விலை என்று அடியில் எழுதிவிடுவதே நேர்மையான வழி.

பணம் கட்டும் பொத்தானும் இரண்டாகப் பிரிய வேண்டும். உள்ளூரில் கேபிஇசட் பே, வேவ் பே என்று கைபேசியிலேயே அனுப்பிவிடலாம். வெளிநாட்டவர் வழக்கமாகத் தேடும் பேபால் மியான்மரில் இருப்பவருக்குப் பணம் பெற்றுத் தராது. அந்தப் பொத்தானுக்குப் பதில் சிங்கப்பூரிலோ பாங்காக்கிலோ பணம் வாங்கித் தரும் ஓர் உறவினரின் கணக்கு இருந்தால், அந்த ஏற்பாட்டைப் பணம் கட்டும் கட்டத்தில் அல்ல, ஓவியத்தைக் காட்டும் பக்கத்திலேயே வாங்குபவர் தெரிந்துகொள்ளும்படி எழுதவேண்டும்.