மதுரை வெயிலுக்கு ஏற்ற ரோஜா

கார்த்திகை பிறந்தால் மதுரையைச் சுற்றியுள்ள சாலையோர நர்சரிகளில் ரோஜா வந்து இறங்கிவிடும். ஓசூர், பெங்களூரு, ஆந்திராவின் கடியம் என்று பல ஊர்களிலிருந்து லாரியில் வரும் செடிகள். உள்ளங்கை அகலப் பூ, இரண்டு வண்ணம் கலந்த இதழ், ஆரஞ்சு, ஊதா என்று கண்ணைப் பறிக்கும். வாங்கிவந்து மொட்டை மாடியில் வைத்தால் தை வரை நன்றாகப் பூக்கும். மாசியில் பூ சிறுக்கும். பங்குனியில் இலை பழுக்கும். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் நேரத்தில் தொட்டியில் காய்ந்த குச்சிதான் நிற்கும். "மதுரை வெயிலுக்கெல்லாம் ரோஜா வராதுங்க" என்று அலுத்துக்கொள்வோம். அடுத்த கார்த்திகையில் மறுபடியும் ஒரு செடி வாங்குவோம்.

வராது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். மல்லிகைக்குப் பக்கத்திலேயே பன்னீர் ரோஜா மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும். நிலக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்து வயல்களில், கண்ணாடிக் கூடாரமோ நிழல்வலையோ இல்லாமல் திறந்த வெளியில் விளைந்த பூ அது. அந்தச் செடிக்கும் இதே வெயில்தான், இதே கிணற்றுத் தண்ணீர்தான். நம் மாடியில் வாடுகிற ரோஜா வேறு வகை. அது பெரும்பாலும் குளிர்ந்த மேட்டு நிலத்தில் ஊட்டத்தோடு வளர்ந்து, பூத்த நிலையில் நம் கைக்கு வந்தது.

பன்னீர் ரோஜா என்று நம்மூரில் விற்கும் இளஞ்சிவப்பு ரோஜாக்களில் முக்கியமானது எட்வர்ட் ரோஜா. மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் ரீயூனியன் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே தோட்டங்களுக்கு வேலியாக வைத்திருந்த சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியுலகுக்குத் தெரியவந்த குடும்பம் இது என்பது ரோஜா அறிஞர்கள் சொல்லும் வரலாறு. ஆண்டு முழுக்கப் பூக்கும் குணம் சீன ரோஜாவிடமிருந்தும், வாசனை டமாஸ்க்கிடமிருந்தும் வந்தவை. பிறந்த இடமே வெப்பத் தீவு என்பதால் நம் சமவெளி அதற்கு அந்நியமில்லை. இதன் கூட்டாளி ஆந்திரா சிவப்பு. வாசம் குறைவு, ஆனால் வெயிலுக்கு அசையாது, மாலைக்கு நன்றாக நிற்கும். முதல் முறை ரோஜா வைக்கிறவர்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாகவே சொல்வேன். கலர் ரோஜா ஆசை அப்புறம் வரட்டும்.

வெப்ப நாட்டுக்கென்று ரோஜா உருவாக்க வேண்டும் என்று தம் வாழ்நாளையே கொடுத்த ஒருவர் நமக்குப் பக்கத்திலேயே, கொடைக்கானலில் வேலை செய்திருக்கிறார் என்பது மதுரையில் பலருக்குத் தெரியாது. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற எம்.எஸ். வீரராகவன்தான் அவர். மனைவி கிரிஜாவும் இந்தப் பணியில் சேர்ந்துகொண்டார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ரோஜா வளர்ப்பவர்கள் உறைபனியைத் தாங்கும் செடிகளையே நூறாண்டுகளுக்கு மேலாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அவற்றை அப்படியே கொண்டுவந்து இங்கே நட்டால் எப்படித் தாங்கும் என்பது வீரராகவனின் கேள்வி. அதனால் இந்திய மண்ணின் காட்டு ரோஜாக்களைத் தேடிப் போனார். மணிப்பூர், மியான்மர் மலைகளில் மரங்களைப் பற்றி ஏறும் ரோசா ஜைஜான்டியா, ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் ரோசா கிளினோஃபில்லா இரண்டையும் தோட்ட ரோஜாக்களோடு கலந்து புதிய ரகங்களை உருவாக்கினார். கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்து, பிறகு இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயரிலும் இந்தத் தம்பதி ஒரு ரோஜாவை உருவாக்கியிருக்கிறார்கள்.

வீரராகவனுக்கு முன்பே, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக இருந்த பி.பி. பால் டெல்லியில் பல ரோஜா ரகங்களை உருவாக்கியிருந்தார். கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றவருக்கு ரோஜா மேல் தீராத பிரியம். ஆனால் டெல்லிக்கு மூன்று மாதக் குளிர் உண்டு. ரோஜா அதில் நன்றாகப் பூக்கும். மதுரைக்கு அந்தக் குளிர் கிடையாது. இங்கே கவாத்து நாளை நம் பருவத்தைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். வட இந்தியப் புத்தகங்களைப் பார்த்து இங்கே நாள் குறிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

சரி, நர்சரியில் செடி வாங்கியாயிற்று. பையைக் கிழித்ததும் முதலில் வேரைப் பாருங்கள். பல செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை சிமென்ட் போல இறுகியிருக்கும். அதை அப்படியே தொட்டியில் வைத்து நல்ல மண் போட்டால், ஊற்றும் தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடி அடியில் போய்விடும். மேல்மண் ஈரமாகத் தெரியும், வேர் மட்டும் தாகத்தில் கிடக்கும். ஒரு வாளித் தண்ணீரில் உருண்டையைக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வெளிப்பக்கக் களியை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு நடுங்கள். ஒட்டுக் கட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாடா இருந்தால் பிளேடால் கீறி எடுத்துவிடுங்கள். தண்டு பருக்கும்போது அது கழுத்தை இறுக்கும். அந்த ஒட்டுக்குக் கீழேயிருந்து வேகமாக ஒரு கிளை கிளம்பினால் சந்தோஷப்படாதீர்கள். அது அடிச்செடியின் காட்டுக் கிளை. வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பிறந்த இடத்தோடு பிய்த்தெடுக்க வேண்டும்.

மண் தொட்டிதான் நல்லது. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், மதுரைக்குப் பக்கம்தான். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மாடி வெயிலில் கொதிக்கும், வேர் வெந்துவிடும். ஓரடிக்குக் குறையாத வாய் அகலம், அடியில் துளை, தரையிலிருந்து தூக்கிவைக்க இரண்டு செங்கல். செம்மண், மக்கிய தொழு உரம், ஆற்று மணல் மூன்றும் சமமாக. காலை வெயில் ஆறு மணி நேரமாவது படும் கிழக்குப் பக்கம் வையுங்கள். மூன்று மணி மேற்கு வெயில் வேண்டாம்.

மதுரையில் ரோஜாவைக் கொல்வது வெயிலைவிடத் தண்ணீர் என்று நினைக்கிறேன். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் அதிகம். தொட்டி விளிம்பில் வெள்ளை படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரோஜாவுக்கு லேசான அமில மண் பிடிக்கும், கார அமிலத்தன்மை 6 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குருத்திலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் அறிகுறி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்து சாயங்காலம் இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுங்கள். அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. அதில் உப்பு செறிந்திருக்கும். மழை பெய்யும்போது தொட்டிகளை வெளியே தள்ளிவைத்தால் படிந்த உப்பு கழுவிப்போகும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது முட்டை ஓடு. ரோஜாவுக்கு முட்டை ஓடு போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முட்டை ஓடு என்பது சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்பால் திணறும் மண்ணுக்கு இன்னும் சுண்ணாம்பு எதற்கு? டீத்தூளைப் போடுவதாக இருந்தால் பாலும் சர்க்கரையும் போகக் கழுவி, மக்கவைத்துப் போடுங்கள். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நீர்த்த பதத்தில் மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும். தரையில் வைத்த செடிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு, ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் அக்டோபரில் கவாத்து முடிந்ததும், செடிக்கு 10 கிலோ தொழு உரம்; அதோடு தழை, மணி, சாம்பல் சத்து 6, 12, 12 கிராம்.

கவாத்து என்றதும் வீட்டில் பலருக்குக் கை நடுங்கும். வெட்டாத செடி உயரமாகப் போய் நுனியில் ஒரு பூ பூக்கும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் போன பருவக் கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டலாம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக, கூரான கத்தரியால் ஒரே வெட்டு. வெட்டிய முகத்தைக் குனிந்து பாருங்கள். நடுச்சோறு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் உள்ளே கருகல் இறங்கியிருக்கிறது. வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே வெட்டுங்கள், தயங்க வேண்டாம். முகத்தில் போர்டோ பசை தடவுங்கள். வெட்டியதிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் பூ வரும். பொங்கலுக்கு வாசலில் சொந்த ரோஜா வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் கத்தரியை எடுக்க வேண்டும். கத்திரி வெயிலில் மட்டும் செடியை மொட்டையடிக்காதீர்கள். அப்போது இலைதான் தண்டுக்கு நிழல். மொட்டு வந்தாலும் கிள்ளிவிட்டு, தொட்டி மேல் தென்னை நார்க்கழிவோ காய்ந்த சருகோ மூடாக்குப் போட்டு, செடியைப் பிழைக்கவைப்பதே அந்த மாத வேலை.

அந்த வெயில் காலத்தில் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். இலை மங்கி, ஊசிக்குத்தாகப் புள்ளி விழுந்தால் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். மெல்லிய நூலாம்படை தெரியும். காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. மழைக்காலத்தில் கரும்புள்ளி வரும், மார்கழிப் பனியில் சாம்பல் நோய் வரும். விழுந்த இலையைப் பொறுக்கி அப்புறப்படுத்துவதும், தண்ணீரை இலையில் படாமல் வேரில் ஊற்றுவதும் மருந்தைவிட முக்கியம்.

பன்னீர் ரோஜாவுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒட்டு வேண்டாம், குச்சியிலேயே வரும். பென்சில் கனத்தில் முற்றிய கிளையை ஒரு சாண் வெட்டி, நான்கு மொட்டு இருக்கும்படி, மழைக்காலத்தில் நிழலில் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும். சொந்த வேரில் நிற்பதால் காட்டுக் கிளைத் தொல்லையும் இல்லை. நர்சரியில் இதைக் கேட்டால் "அது வேணாம்மா, பூ சின்னது" என்று ஓசூர்ச் செடியைக் காட்டுவார்கள். விடாமல் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஊர்ப்பக்கம் யார் வீட்டுக் கிணற்றடியிலாவது பழைய செடி ஒன்று நிற்கும். கவாத்து நாளில் போனால் கேட்காமலே கை நிறையக் குச்சி கொடுத்தனுப்புவார்கள்.