சாதியும் சாதித்தலும்: ஒரு தேடல் கருவியின் வாசிப்பு

கூட்டமொன்றில் 'சாதி குறித்து நான் தொடர்ந்து எழுதிவருகிறேன்' என்று பேசிவிட்டு இறங்கினேன். 'எங்க தோழர் எழுதியிருக்கீங்க, பார்த்துடலாமா?' என்றார் ஓர் இளம் நண்பர். என் மடிக்கணினியை வாங்கி, கட்டளைத் திரையில் கிரெப் என்று அடித்து, அடுத்து 'சாதி', அடுத்து என் கட்டுரைக் கோப்புகள் என்று கொடுத்தார்.

கிரெப், 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் எழுதிய சிறு நிரல். அதன் பிறப்பே 'ஆசிரியர் யார்' என்ற கேள்வியோடு பிணைந்தது. 1787-88இல் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று சொற்களை வைத்து ஆராய முயன்றார் லீ மக்மஹோன். எட் என்ற பதிப்பான் அவ்வளவு பெரிய பிரதியைத் தாங்கவில்லை. அதன் தேடும் வேலையை மட்டும் தாம்ப்சன் தனி நிரலாக்கினார். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் பேசிக்கொண்டிருக்க, அவர்கள் சொல்லெண்ணி அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கிரெப்புக்குச் சொல் தெரியாது. குறிகளின் வரிசைதான் தெரியும். வரிசை பொருந்தும் வரியை அப்படியே எடுத்துப்போடும், அவ்வளவுதான். என் 38 கட்டுரைகளில் 21 சிக்கின. நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரிகளைப் படித்தால், 'நாவலில் சாதித்திருக்கிறார்', 'இக்கவிதை சாதிப்பது'! 12 கட்டுரைகளில் வெறும் பாராட்டுரைதான்.

தொடக்க காலத்தில் 'ஜாதி' என்று எழுதியவை சிக்கவேயில்லை. '[சஜ]ாதி' என்று கொடுத்தபின் மேலும் 3 வந்தன. சதுர அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதேனும் ஒன்று என்று பொருள்.

வினைச்சொல்லை விலக்க, பொருந்தாத வரிகளை மட்டும் காட்டும் சிறிய 'வி'யைச் சேர்த்து 'சாதிக்க' என்று கொடுத்தோம். 'சாதிக்கலாம்' ஒழிந்தது; கூடவே 'சாதிக்கலவரம்' ஒழிந்தது. வல்லினம் மிகுமிடம் யந்திரத்துக்கு எப்படித் தெரியும்? பத்தி முழுக்க ஒரே வரியாகச் சேமித்திருந்தால் பத்தியே போய்விடும். விலக்குகிறவர் எதையெல்லாம் விலக்குகிறோம் என்று பார்த்தாக வேண்டும். இது கணினிக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல.

கடைசியாக, பெரிய 'எல்'. தேடும் சொல் இல்லாத கோப்புகளின் பெயரைத் தருவது அது. பிரதியின் மௌனத்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! என் மௌனத்தின் பட்டியல் 14 பெயர்களாக வந்து நின்றது. சொல் இல்லாததாலேயே விஷயம் இல்லை என்றாகிவிடாது. 'ஊர்', 'சேரி' என்று பேசியிருக்கலாம். எனவே ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். 3இல் பேசியிருக்கிறேன். 11இல் இல்லை. ஒன்றில், நாவலொன்றின் கிணற்றடிக் காட்சியின் அழகை இரண்டு பக்கம் வியந்திருந்தேன். அந்தக் கிணறு யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கவேயில்லை.

ஆக, நண்பருக்குக் காட்ட 15 கட்டுரைகள் தேறும். 'தொடர்ந்து' என்ற சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.