தும்மலுக்கு ஒரு ஓ.பி. சீட்டு: அலர்ஜி கிளினிக்கில் என்ன நடக்கும்?

காலை எட்டரை மணி வகுப்பு. உட்கார்ந்ததும் ஒரு தும்மல். அப்புறம் வரிசையா பத்து. பக்கத்தில் இருப்பவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவான். இந்தக் காட்சி உங்களுக்கும் பழக்கம்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நான் இரண்டு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன். மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட்டிரிசின் வாங்கிப் போட்டால் தும்மல் நிற்கும். கூடவே நானும் தூங்கிவிடுவேன். ஒரு இன்டர்னல் பரீட்சையில் பாதியிலேயே கண் சொருகிய பிறகுதான், அம்மா திட்டித் திட்டி அடையாறு பக்கம் ஒரு மருத்துவமனையின் அலர்ஜி கிளினிக்குக்கு அனுப்பினார். முதல் நாளே திருப்பி அனுப்பிட்டாங்க! தப்பு என்னுடையதுதான். அந்தத் தப்பை நீங்க செய்ய வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

யாரைப் பார்ப்பது?

நம் ஊரில் எல்லா மருத்துவமனையிலும் 'அலர்ஜி' என்று தனி போர்டு இருக்காது. மூக்கு, தும்மல் என்றால் இ.என்.டி.; இளைப்பு, இருமல் என்றால் நுரையீரல் மருத்துவர்; தோல் தடிப்பு, அரிப்பு என்றால் தோல் மருத்துவர். சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த மூன்று துறைகளும் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும்.

'இம்யூனாலஜி' என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு சக்தி தேவையில்லாத இடத்தில் சண்டை போடுவது. அதே சக்தி குறைவாக இருந்து நிமோனியா, சைனஸ் தொற்று என்று திரும்பத் திரும்ப வந்தால், அதையும் இம்யூனாலஜி மருத்துவர்தான் பார்ப்பார்.

போவதற்கு முன்

என்னைத் திருப்பி அனுப்பக் காரணம், முதல் நாள் ராத்திரி நான் போட்ட மாத்திரை. செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் மாதிரி மாத்திரைகள் உடம்பில் இருந்தால் தோல் பரிசோதனை பொய் சொல்லும். பொதுவாக ஒரு வாரம் நிறுத்தச் சொல்வாங்க. சளி, ஜலதோஷத்துக்கு நாமாக வாங்கிப் போடும் பல மாத்திரைகளிலும் இதே வகை மருந்து கலந்திருக்கும், கவனம். ஆனால் ஆஸ்துமா இன்ஹேலரை நீங்களாக நிறுத்தவே கூடாது. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்னு கேட்டுடுங்க.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் போட்டோ, தடிப்பு வந்திருந்தால் அதன் போட்டோ (டாக்டர் முன்னாடி உட்காரும்போது அது மறைஞ்சிருக்கும், இது விதி!), பழைய ரிப்போர்ட்டுகள்.

கேள்விகள்தான் முதல் பரிசோதனை

நான் ஏதோ பெரிய மெஷினை எதிர்பார்த்துப் போனேன். டாக்டர் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். தும்மல் காலையிலா, ராத்திரியிலா? ஊருக்குப் போனால் குறையுதா? தலையணை எத்தனை வருஷப் பழசு? வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கா? சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் அரிப்பு வருது?

"எனக்கு ரோட்டுத் தூசி அலர்ஜி டாக்டர், ரங்கநாதன் தெரு பக்கம் போனாலே தும்மல்"னு சொன்னேன். "எழுந்ததும்தான் அதிகம்னு சொன்னீங்களே, பெட்ல எங்கப்பா ரோட்டுத் தூசி?"ன்னு கேட்டார். பதில் இல்லை.

ரோட்டுத் தூசியும் போகிப் புகையும் பெரும்பாலும் மூக்கை எரிச்சல்படுத்துபவை. அலர்ஜி வேறு. 'டஸ்ட் அலர்ஜி'யில் முக்கியக் குற்றவாளி டஸ்ட் மைட். சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம், எட்டுக் கால், நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் அதன் சாப்பாடு. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் அது வாழ்கிறது. கடலோரச் சென்னைக்கு ஈரப்பதத்தில் குறையே இல்லை. மெத்தையிலும் தலையணையிலும் சேரும் அதன் கழிவுதான் நம்மைத் தும்ம வைக்கிறது.

கையில் ஒரு கிராஃப் ஷீட்

இரண்டாவது தடவை போனபோது ஸ்கின் பிரிக் டெஸ்ட் நடந்தது. முன்கையில் பேனாவால் வரிசையாக எண் போடுவாங்க. ஒவ்வொரு எண் பக்கத்திலும் ஒரு சொட்டு: டஸ்ட் மைட், கரப்பான், பூஞ்சை, மகரந்தம், பூனை, நாய், சில உணவுகள். ஒவ்வொரு சொட்டின் மேலும் புது ஊசிமுனையால் லேசாக ஒரு குத்து. ரத்தம் வராது. கொசு கடித்த அளவு வலி.

லேப் பழக்கம் உள்ள நமக்கு இது புரியும்: இரண்டு சொட்டுகள் கன்ட்ரோல். உப்பு நீர் வைத்த இடத்தில் ஒன்றும் வரக் கூடாது. ஹிஸ்டமின் வைத்த இடத்தில் கட்டாயம் தடிக்கணும். தடிக்கலைன்னா மாத்திரை இன்னும் உடம்பில் இருக்குன்னு அர்த்தம். 15 முதல் 20 நிமிஷம் சொறியாமல் உட்காரணும். சோதனையே அதுதான்! பிறகு தடிப்பை அளப்பாங்க. உப்பு நீரை விட 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ்.

தோல் முழுக்கத் தடிப்பு இருப்பவர்களுக்கும், மாத்திரையை நிறுத்த முடியாதவர்களுக்கும் ஐ.ஜி.ஈ. ரத்தப் பரிசோதனை உண்டு. இளைப்பு இருந்தால் ஸ்பைரோமெட்ரி: குழாயில் முழு மூச்சையும் வேகமாக ஊதணும், பிறகு சால்புட்டமால் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி ஊதணும். முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால், அது ஆஸ்துமா பக்கம் காட்டும். ஹேர் டை, செயின், வாட்ச் ஸ்ட்ராப்பால் வரும் அரிப்புக்கு பேட்ச் டெஸ்ட்: 48 மணி நேரம் முதுகில் ஒட்டிவிடுவாங்க, அங்கே தண்ணீர் படக் கூடாது.

பாசிட்டிவ் என்றாலே அலர்ஜியா?

இதுதான் நான் கத்துக்கிட்ட முக்கியமான விஷயம். என் கையில் டஸ்ட் மைட், கரப்பான், இறால் மூன்றும் தடித்தன. இறாலா! டாக்டர் கேட்டார்: "இறால் சாப்பிட்டா ஏதாவது ஆகுதா?" "இல்ல, போன ஞாயிறு கூட சாப்பிட்டேன்." "அப்போ நிறுத்தாதீங்க."

காரணம் டிரோபோமயோசின் என்ற புரதம். மைட், கரப்பான், இறால் மூன்றிலும் அது கிட்டத்தட்ட ஒரே வடிவில் இருக்கிறது. ஒன்றுக்குப் பழகிய எதிர்ப்பு சக்தி, மற்றதைப் பார்த்தும் கை தூக்கும். பாசிட்டிவ் என்றால் 'உடம்பு இதை அடையாளம் வைத்திருக்கிறது' என்றுதான் அர்த்தம். தொந்தரவும் அதோடு பொருந்தினால்தான் அலர்ஜி.

இது தெரியாமல் என் ரூம்மேட் பட்ட பாடு பெரிசு. டாக்டரைப் பார்க்காமலே ஒரு லேபில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. டெஸ்ட் எடுத்தான். பால், முட்டை, கோதுமை, கத்தரிக்காய் எல்லாமே சிவப்பு. மெஸ்ஸில் ரசம் சாதம் தவிர எதையும் தொடாமல் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கினான். ஐ.ஜி.ஜி. என்பது சாப்பிட்ட உணவுக்கு உடம்பில் இயல்பாக இருக்கும் பதிவு. அதை வைத்து உணவு அலர்ஜியைச் சொல்ல முடியாது. கிளினிக்கில் அவனிடம் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, எல்லாவற்றையும் திருப்பிச் சாப்பிடச் சொன்னாங்க.

அப்புறம் என்ன தருவாங்க?

எனக்கு மூக்கு ஸ்ப்ரே. அது ஒரே நாளில் வேலை செய்யாது, தினமும் அடித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். நடுச்சுவரை நோக்கி அடிக்காமல், காது பக்கம் சாய்த்து அடிக்கணும். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் போட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும். 'இன்ஹேலர் எடுத்தா பழகிடும்' என்பதும் வெறும் பயம்தான். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் சிறு அளவே போதும். படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கணும்.

சிலருக்கு இம்யூனோதெரபி சொல்வாங்க. லண்டனில் லெனார்ட் நூன் 1911-ல் வெளியிட்ட முறை: ஒவ்வாத பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது. 3 முதல் 5 வருஷம் எடுக்கும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கணும்.

இது மட்டும் அவசரம்

உணவு, மருந்து, குளவிக்கடிக்குப் பிறகு தடிப்போடு மூச்சுத்திணறல், தொண்டை இறுக்கம், மயக்கம், வாந்தி வந்தால் அது அனஃபிலாக்ஸிஸ். செட்டிரிசின் போட்டுக் காத்திருக்காதீங்க. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்க, படுக்க வைங்க (மூச்சு திணறினால் உட்காரலாம்), எழுந்து நடக்க விடாதீங்க. ஒரு முறை வந்தவர்கள் கட்டாயம் அலர்ஜி கிளினிக்குக்குப் போகணும்.

இப்போது எனக்குத் தும்மல் முழுசா போயிடல. ஆனால் முதல் பீரியடில் முழிச்சிருக்கேன், பெஞ்சில் பக்கத்தில் ஆளும் இருக்கான். நீங்களும் போவதாக இருந்தால், இன்றிலிருந்து ஒரு வாரம் போனில் குறிச்சு வைங்க: எப்போ வந்தது, எங்கே இருந்தீங்க, என்ன சாப்பிட்டீங்க. டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.