பசிக்கு டீ குடிக்காதீர்கள்!

மும்பையில் உழைக்கும் தமிழர்களுக்கு உடம்புதான் மூலதனம். ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஊருக்கு அனுப்பும் பணத்திலும் துண்டு விழும். ஆனால் அந்த உடம்புக்குப் பலர் கொடுப்பது என்ன? டீ, டீ, மேலும் டீ!

தாராவி, சயான், செம்பூர் என்று எங்கே போனாலும் இதே கதைதான். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கட்டிங்' டீ. லோக்கல் ரெயிலை விட்டு இறங்கியதும் இன்னொன்று. பதினோரு மணிக்குப் பசித்தால் மற்றொன்று. மத்தியானம் வடாபாவ், அதன் மேல் ஒரு டீ. இரவுக்குள் எட்டு டீ ஆகிவிடுகிறது.

டீ குடிப்பது தப்பு அல்ல. சாப்பாட்டுக்குப் பதிலாக டீ குடிப்பதுதான் தப்பு. டீ பசியை அடக்கும், உடம்பை வளர்க்காது.

சர்க்கரைக் கணக்கு

ஒரு கட்டிங் டீயில் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 5 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். எட்டு டீக்கு 40 கிராம். நாள் ஒன்றுக்கு 25 கிராம் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கூறியது. பிஸ்கட்டும் குளிர்பானமும் இந்தக் கணக்கில் சேரவில்லை!

சாப்பிட்டவுடன் டீ வேண்டாம்

கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கிறது. எனவே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கும்படி ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் அறிவுறுத்தியது. ஸ்டேஷன் மேம்பாலம் ஏறும்போதே மூச்சு வாங்கும் பெண்கள் ரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

தண்ணீருக்குப் பயப்படுவதா?

பொதுக் கழிப்பறையில் வரிசையில் நிற்க வேண்டுமே என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. பட்டறையில் வியர்வை சிந்தும் ஆண்களும் தாகத்துக்கு டீயையே தேடுகிறார்கள். இதனால் சிறுநீர்க் கடுப்பு, கல்லடைப்பு போன்ற தொல்லைகள் வரலாம். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். வேலைக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரும் கூடவே போகட்டும். மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பது வயிற்றுப்போக்கு, மஞ்சள்காமாலையில் இருந்து காக்கும்.

'நாச்னி'தான் கேழ்வரகு!

ஊரில் குடித்த கேழ்வரகுக் கூழ் இங்கே கிடைக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். மும்பைக் கடைகளில் 'நாச்னி' என்று கேட்டால் அதே கேழ்வரகுதான் கிடைக்கும். 'பாஜ்ரா' என்றால் கம்பு. 'ஜோவார்' என்றால் சோளம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான்!

பதினோரு மணிப் பசிக்கு ஒரு கை வேர்க்கடலை அல்லது வறுத்த கொண்டைக்கடலை போதும். வாழைப்பழமும் நல்லது. தினமும் நாலு டீயைக் குறைத்தால், அந்தக் காசே இதற்கு உதவும். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைக்க வேண்டும். ஒரு நாள் உப்பு மொத்தம் 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது.

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. முதல் வாரம் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். அடுத்த வாரம் சாப்பாட்டுக்குப் பிந்திய டீயை நிறுத்துங்கள். பிழைக்க வந்த ஊரில் உடம்பைப் பாதுகாப்பதும் ஒரு சேமிப்புதான்.